வீட்டின் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே புகைப்படத் தொகுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வீட்டில் இரண்டு மூன்று கணினிகளும் அதற்கு மேற்பட்ட கைபேசிகளும் இருந்தால், குடும்பத்தின் படங்கள் அவற்றில் சிதறிப் போவது இயல்பு. குழந்தை முதன்முதலாக நடந்த நாளின் படம் ஒருவருடைய மடிக்கணினியில் இருக்கும். அதே நாளில் தாத்தாவோடு எடுத்தது இன்னொருவருடைய பழைய ஹார்டு டிஸ்கில் கிடக்கும். இவற்றை ஒரே தொகுப்பாக்கி, எல்லாரும் எந்தக் கணினியிலிருந்தும் பார்க்கவும் தேடவும் பெயரிடவும் வழி செய்ய விரும்புவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். விடைகள் பலவும் ஒரே கருத்தைச் சுற்றியே வருகின்றன: படங்களை எத்தனை கணினிகளோடும் பகிரலாம், ஆனால் அவற்றைப் பற்றிய பதிவேட்டை எழுதும் கை ஒன்றாகவே இருக்க வேண்டும்.

புகைப்படத் தொகுப்பு என்று சொல்லும்போது எதைக் குறிக்கிறோம்?

மூன்று தனித்தனிப் பொருள்களை ஒரே சொல்லால் குறிக்கிறோம். பெரும்பாலான குழப்பங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. முதலாவது, கேமராவும் கைபேசியும் உருவாக்கிய அசல் படக் கோப்புகள். ஒருமுறை எழுதப்பட்ட பிறகு இவை பெரும்பாலும் மாறுவதில்லை. இரண்டாவது, மென்பொருள் அந்தப் படங்களைப் பற்றித் தனக்கென எழுதி வைத்துக்கொள்ளும் பதிவேடு. கேட்டலாக் என்றும் தரவுத்தளம் என்றும் அழைக்கப்படும் இந்தப் பதிவேட்டில்தான் எந்தப் படம் எங்கே இருக்கிறது, எந்த ஆல்பத்தைச் சேர்ந்தது, அதில் இருப்பவர் யார், அதை எப்படித் திருத்தினோம் என்பவை எல்லாம் பதிவாகின்றன. நீங்கள் ஒரு படத்துக்கு நட்சத்திரக் குறியிடும்போதும், ஏன், சில மென்பொருள்களில் ஒரு படத்தைத் திறந்து பார்க்கும்போதும்கூட, இந்தப் பதிவேட்டில் ஏதோ ஒன்று எழுதப்படுகிறது. மூன்றாவது, விரைவாகக் காட்டுவதற்காக உருவாக்கி வைக்கப்படும் சிறு முன்தோற்றப் படங்கள். இவை அழிந்தாலும் அசல்களிலிருந்து மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம்.

அசல்களைப் பகிர்வது எளிது. ஒரே கோப்பைப் பத்துக் கணினிகள் ஒரே நேரத்தில் படித்தாலும் அதற்கு எந்தத் தீங்கும் வராது. முன்தோற்றங்களைப் பற்றிக் கவலையே இல்லை. நடுவில் உள்ள பதிவேடுதான் சிக்கலானது. அடோபியின் பட மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் பதிவேடு தனிக் கோப்பாகக் கண்ணுக்குத் தெரிகிறது. மேக்கோடு வரும் ஆப்பிள் ஃபோட்டோஸில் மூன்றும் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டு ஒரு கோப்பைப் போலத் தோற்றமளிப்பதால், உள்ளே இப்படி ஒரு பிரிவு இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

பதிவேட்டையும் நெட்வொர்க் வழியாக எல்லாரும் அணுகும் பொது டிஸ்கில் வைத்து, இரண்டு கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் திறந்தால் என்ன ஆகும்?

பதிவேடு பழுதாகக்கூடும். சில நாள்கள் ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். அதனாலேயே இந்தத் தவறு பலருக்குச் சரியான வழியாகத் தோன்றிவிடுகிறது.

காரணம் இதுதான். லைட்ரூம் கிளாசிக், ஆப்பிள் ஃபோட்டோஸ், இயல்பான அமைப்பில் டிஜிகேம் (இலவசப் பட மென்பொருள்) ஆகிய மூன்றுமே எஸ்.க்யூ.லைட் என்ற தரவுத்தள முறையில்தான் தங்கள் பதிவேட்டை வைத்திருக்கின்றன. இது மிகவும் நம்பகமான முறை. ஆனால் ஒரே கணினிக்குள் இருக்கும் கோப்பை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டது. ஒரு நிரல் எழுதத் தொடங்கும்போது கோப்பின் மேல் ஒரு பூட்டு போடும்; பூட்டைக் கண்ட மற்ற நிரல்கள் காத்திருக்கும். நெட்வொர்க் வழியாக அணுகும் டிஸ்கில் இந்தப் பூட்டு எல்லா நேரமும் நம்பகமாக வேலை செய்வதில்லை. ஒரு கணினி பூட்டியதை மற்றொன்று அறியாமல் எழுதினால், பாதிப் பக்கம் ஒருவருடையதும் மீதிப் பக்கம் இன்னொருவருடையதுமாகப் பதிவேடு குலைந்துவிடும். 2010 முதல் எஸ்.க்யூ.லைட்டில் உள்ள, இன்று பரவலாகப் பயன்படும், மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதி வைக்கும் முறையோ (WAL), எழுதுவோரும் படிப்போரும் ஒரே கணினியின் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதையே அடிப்படையாகக் கொண்டது. நெட்வொர்க் டிஸ்கில் அது வேலை செய்யாது என்று அதன் ஆவணமே தெளிவாகக் கூறுகிறது.

இதனால்தான் லைட்ரூம் கிளாசிக், நெட்வொர்க் டிஸ்கில் உள்ள பதிவேட்டைத் திறக்கவே மறுக்கிறது. படங்களை மட்டும் அங்கே வைத்துக்கொள்ள அது தடை சொல்வதில்லை. ஆப்பிள் நிறுவனமும் ஃபோட்டோஸ் தொகுப்பை நெட்வொர்க்கில் பகிரப்பட்ட டிஸ்கிலோ, இணையச் சேமிப்பிலோ, மெமரி கார்டிலோ, பென் டிரைவிலோ வைக்க வேண்டாம் என்றும், வைத்தால் தரவு இழப்பு நேரலாம் என்றும் எச்சரிக்கிறது. மறுப்பைச் சுற்றிப் போவதற்கான குறுக்கு வழிகள் உண்டு. அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை.

டிராப்பாக்ஸ் போல, எல்லாக் கணினிகளிலும் ஒரே நகலைத் தானாக வைத்திருக்கும் ஒத்திசைவுக் கோப்புறையில் தொகுப்பை வைத்தால் போதாதா?

அசல் படங்களுக்கு அது நன்றாகவே பொருந்தும். பதிவேட்டுக்குப் பொருந்தாது. ஒத்திசைவு மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் தனியாகப் பார்க்கிறது. பதிவேடோ, தன் முதன்மைக் கோப்பும் துணைக் கோப்புகளும் ஒரே கணத்தைச் சேர்ந்தவையாக இருந்தால்தான் பொருள்படும். மென்பொருள் திறந்திருக்கும்போதே பாதி நிலையில் ஒன்று மறு கணினிக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே திறப்பது பழுதான பதிவேடு. இரண்டு பேர் தனித்தனியாக வேலை செய்துவிட்டால், முரண்பட்ட நகல் என்ற குறிப்போடு இரண்டு கோப்புகள் உருவாகும். சிங்க்திங், டிராப்பாக்ஸ் இரண்டுமே இப்படித்தான் செய்கின்றன. இரண்டு பதிவேடுகளையும் வரி வரியாக இணைத்துத் தர எந்த ஒத்திசைவு மென்பொருளாலும் முடியாது. ஒருவர் ஒரு மாலை முழுவதும் இட்ட பெயர்கள் வீணாகும்.

அப்படியானால் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

வீட்டில் யார் என்ன செய்ய விரும்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒருவர் மட்டும் படங்களை ஒழுங்குபடுத்துகிறார், மற்றவர்கள் பார்க்க மட்டுமே விரும்புகிறார்கள் என்றால், பதிவேடு அவருடைய கணினியிலும் அசல்கள் பொது டிஸ்கிலும் இருக்கட்டும். மற்றவர்களுக்கு அந்த டிஸ்கைப் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்தால் போதும். வீட்டில் எல்லாரும் ஆப்பிள் கருவிகளையே பயன்படுத்துகிறார்கள் என்றால் ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடின் பகிர்ந்த தொகுப்பு குறைந்த உழைப்பில் வேலையை முடித்துவிடும். பல வகைக் கணினிகள் கலந்திருந்து, எல்லாருமே எழுதவும் திருத்தவும் விரும்பினால், வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு சர்வர் (மற்றவற்றுக்குப் படங்களை வழங்கும் கணினி) வைப்பதுதான் முறையான தீர்வு. என் பரிந்துரை, முடிந்தால், இந்தக் கடைசி வழியே. பதிவேட்டை எழுதுவது சர்வர் ஒன்றுதான். மற்றவர்கள் எல்லாரும் அதனிடம் கேட்டுப் பெறுகிறார்கள். எத்தனை பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் பூட்டுச் சிக்கல் எழுவதில்லை.

ஒரே ஒரு வெளிப்புற டிஸ்கை மாற்றி மாற்றிச் செருகிப் பயன்படுத்தலாமா?

தாராளமாகப் பயன்படுத்தலாம். எந்த நேரத்திலும் ஒரு கணினியில் மட்டுமே அது இருக்கும் என்பதால், எழுதும் கை ஒன்றே என்ற விதி தானாகவே காக்கப்படுகிறது. மென்பொருளை மூடாமல், டிஸ்கை முறையாக வெளியேற்றாமல் கேபிளைப் பிடுங்குவதுதான் இதில் உள்ள ஆபத்து.

விண்டோஸும் மேக்கும் கலந்த வீட்டில் டிஸ்கை எக்ஸ்ஃபேட் வடிவத்தில் அமைப்பார்கள். இரண்டும் அதில் படிக்கவும் எழுதவும் செய்யும். ஆனால் எழுதும்போது மின்சாரம் போனால் நிலையை மீட்டெடுக்க உதவும் குறிப்பேடு எக்ஸ்ஃபேட்டில் இல்லை. ஆகவே காப்பு நகல் இன்னும் அவசியமாகிறது. ஆப்பிள் ஃபோட்டோஸ் தொகுப்பை எக்ஸ்ஃபேட் டிஸ்கில் வைக்கக் கூடாது, அதற்கு ஏ.பி.எஃப்.எஸ். என்ற ஆப்பிளின் டிஸ்க் வடிவமோ பழைய மேக் வடிவமோ வேண்டும். விண்டோஸ் கணினிகள் வெளிப்புற டிஸ்குக்கு வெவ்வேறு எழுத்தைக் கொடுத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒன்றில் ஈ என்றும் மற்றொன்றில் எஃப் என்றும் இருந்தால் பதிவேடு எல்லாப் படங்களையும் காணவில்லை என்று சொல்லலாம். எல்லாக் கணினிகளிலும் ஒரே எழுத்தை நிலையாக ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

ஐகிளவுடின் பகிர்ந்த தொகுப்பு எப்படி வேலை செய்கிறது?

2022இல் ஐஓஎஸ் 16.1, மேக்ஓஎஸ் வென்ச்சுரா ஆகியவற்றோடு இந்த வசதி வந்தது. ஒருவர் தொகுப்பை உருவாக்கி மேலும் 5 பேரை அழைக்கலாம். ஆக மொத்தம் 6 பேர். எல்லாருக்கும் சேர்க்கவும் திருத்தவும் நீக்கவும் சம உரிமை உண்டு. சேமிப்பிடம் முழுவதும் உருவாக்கியவரின் கணக்கில் சேரும் என்பதையும், ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு பகிர்ந்த தொகுப்பில் மட்டுமே இருக்க முடியும் என்பதையும் முன்பே அறிந்துகொள்வது நல்லது.

ஒரு நுணுக்கம் பலரைத் தடுமாற வைக்கிறது. மேக்கில் படங்களைத் தொகுப்புக்குள் நகலெடுக்காமல், வெளியே இருக்கும் கோப்புகளைச் சுட்டிக் காட்ட மட்டும் ஒரு அமைப்பு உண்டு. அப்படிச் சுட்டப்பட்ட படங்கள் ஐகிளவுடுக்கு ஏறுவதில்லை. இடம் மிச்சம் என்று கருதி அந்த அமைப்பைத் தேர்ந்தவர்கள், மற்றவர்களின் திரையில் பாதிப் படங்கள் வராததற்குக் காரணம் தெரியாமல் திகைக்கிறார்கள்.

வீட்டுக்குள் சர்வர் வைக்கச் சிறப்புக் கருவி வேண்டுமா?

வேண்டியதில்லை. நாள் முழுவதும் இயங்கக்கூடிய, அதிக மின்சாரம் உண்ணாத பழைய கணினி ஒன்று போதும். இரண்டு டிஸ்குகள் செருகும் என்.ஏ.எஸ். பெட்டி (நெட்வொர்க்கில் நேரடியாக இணையும் சேமிப்புக் கருவி) இருந்தால் இன்னும் எளிது. அதில் இம்மிச், ஃபோட்டோபிரிசம் போன்ற மென்பொருளை நிறுவினால், மற்றவர்கள் தங்கள் கணினியின் பிரவுசரைத் திறந்தே முழுத் தொகுப்பையும் பார்க்கலாம். இம்மிச்சுக்குக் கைபேசிச் செயலியும் உண்டு. புதிதாக எடுத்த படங்களை அது தானே சர்வருக்கு அனுப்பிவிடும். பரிந்துரைக்கப்படும் அமைப்பில் இவற்றின் பதிவேடு எஸ்.க்யூ.லைட் அல்ல. இம்மிச் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும், ஃபோட்டோபிரிசம் மரியாடிபியையும் பயன்படுத்துகின்றன. பலர் ஒரே நேரத்தில் கேட்பதற்கும் எழுதுவதற்கும் என்றே உருவாக்கப்பட்டவை அவை. அப்போதும் அந்தத் தரவுத்தளம் சர்வரின் சொந்த டிஸ்கில்தான் இருக்க வேண்டும். இன்னொரு நெட்வொர்க் டிஸ்கில் வைத்தால் நாம் தப்பித்து வந்த குழியிலேயே மீண்டும் விழுவோம்.

அசல்களைத் தன்னுள் இழுத்துக்கொள்ளாமல், ஏற்கெனவே உள்ள கோப்புறைகளை அவை இருக்கும் இடத்திலேயே வைத்துப் படிக்கும் வசதி இந்த இரண்டிலும் உண்டு. முதலில் அந்த வசதியைப் பயன்படுத்திப் பாருங்கள். மென்பொருள் பிடிக்காவிட்டால் அதை நீக்கிவிடலாம், படங்கள் அசையாமல் இருக்கும். முகங்களை அடையாளம் காணும் வேலை வீட்டுக் கணினியிலேயே நடக்கிறது, குழந்தைகளின் முகங்கள் யாருடைய சர்வருக்கும் போவதில்லை என்பது, எனக்கு இந்த வழி பிடித்ததற்கான முதற்காரணம். முதல் முறை தொகுப்பு முழுவதையும் படித்து முடிக்கப் பழைய கணினிக்கு ஓரிரு நாள்கள்கூட ஆகலாம். அந்த வேலை முடியும்வரை மெதுவாக இருக்கிறதே என்று தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம்.

டிஜிகேமைத் தங்கள் கணினியிலேயே பயன்படுத்த விரும்புவோர், அதன் பதிவேட்டை சர்வரில் உள்ள மரியாடிபியில் வைத்துக்கொள்ளலாம். எந்தக் கணினியிலிருந்தும் அதே ஆல்பங்கள் தெரியும். ஆயினும் பலர் ஒரே நேரத்தில் எழுதுவதற்காக டிஜிகேம் வடிவமைக்கப்படவில்லை. முறை வைத்துப் பயன்படுத்துவதே நல்லது.

வீட்டின் வைஃபை இதற்குத் தாங்குமா?

பார்ப்பதற்குத் தாங்கும். முதல் முறை படங்களை ஏற்றுவதற்கு மட்டும் கேபிளைப் பயன்படுத்துங்கள். கைபேசிப் படம் ஒன்று சராசரியாக 4 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், 50,000 படங்களுக்கு 200 ஜிகாபைட் ஆகிறது. ஜிகாபிட் நெட்வொர்க் கேபிளில் நொடிக்குச் சுமார் 110 மெகாபைட் போகும் என்பதால், அது அரை மணி நேர வேலை. பழைய 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 11 மெகாபைட்டுக்கு மேல் போகாது. அதே வேலைக்கு 5 மணி நேரம் ஆகும். சிறு கோப்புகள் மிகுந்திருந்தால் இரண்டிலுமே இன்னும் கொஞ்சம் கூடும். ரா வடிவப் படங்களை (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்புகள்) திருத்துவோர், 30 மெகாபைட் கோப்பு ஒவ்வொன்றும் வந்து சேரக் காத்திருக்க நேரும். லைட்ரூமின் ஸ்மார்ட் பிரிவியூ வசதி, நீளப் பக்கம் 2,560 பிக்சல் கொண்ட சிறு நகல்களை உள்ளே வைத்துக்கொண்டு, பொது டிஸ்க் இணைக்கப்படாத நேரத்திலும் திருத்த உதவுவதால், மடிக்கணினியில் வேலை செய்வோர் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தவறுதலாக யாராவது படங்களை அழித்துவிட்டால்?

அழிக்கும் உரிமையை எல்லாருக்கும் கொடுக்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. பொது டிஸ்கில் அசல்கள் இருக்கும் கோப்புறைக்கு, பொறுப்பாளர் ஒருவருக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுத்து, மற்றவர்களுக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். புதிய படங்களைப் போடுவதற்கென்று "வரவு" என்று தனியாக ஒரு கோப்புறை வைத்து, அதில் எல்லாருக்கும் எழுதும் உரிமை கொடுக்கலாம். பொறுப்பாளர் அவ்வப்போது அவற்றைப் பார்த்து உரிய இடத்துக்கு மாற்றுவார். இதைச் சந்தேகம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு கணினியில் கோப்புகளை மறையாக்கிப் பணம் கேட்கும் தீநிரல் புகுந்தால், அந்தக் கணினிக்கு எழுதும் உரிமை உள்ள பொது டிஸ்குகளையும் அது விட்டுவைக்காது. படிக்கும் உரிமை மட்டும் இருந்தால் அங்கே அதன் கை எட்டாது.

படங்களுக்கு இட்ட பெயர்களும் குறிப்புகளும் எங்கே எழுதப்படுகின்றன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிப்பேன் என்று ஒருவர் சொன்னால், இதைப் படிக்கச் சொல்வேன்.

கேமரா எழுதும் விவரங்களான தேதி, லென்ஸ், இடம் ஆகியவை எக்சிஃப் என்ற பகுதியாகப் படக் கோப்புக்குள்ளேயே இருக்கின்றன. நாம் எழுதும் பெயர், தலைப்பு, குறிச்சொல் ஆகியவற்றை எழுதவும் பொதுவான முறை உண்டு. 2001இல் அடோபி வெளியிட்டு, 2012இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட எக்ஸ்.எம்.பி. அது. படத்தில் எந்தப் பகுதியில் யாருடைய முகம் இருக்கிறது என்பதைக்கூட அதில் எழுத முடியும். இது ஜெபெக் (JPEG) போன்ற கோப்புகளுக்கு உள்ளேயும், ரா கோப்புகளுக்கு அருகில் அதே பெயரில் ஒரு சிறு துணைக் கோப்பாகவும் அமைகிறது.

ஆனால் பல மென்பொருள்கள் தாமாக அங்கே எழுதுவதில்லை. லைட்ரூம் கிளாசிக்கில் மாற்றங்களை எக்ஸ்.எம்.பி.யில் தானாக எழுதும் அமைப்பு தொடக்கத்தில் அணைந்தே இருக்கும்; நாம்தான் அதை இயக்க வேண்டும். இயக்கினாலும் நாம் அமைத்த ஆல்பங்களும், ஒரே அசலுக்கு வைக்கும் மாற்றுத் திருத்தங்களான மெய்ந்நிகர் நகல்களும் பதிவேட்டிலேயே தங்கிவிடும். ஆப்பிள் ஃபோட்டோஸ் எல்லாவற்றையும் தன் பதிவேட்டில் வைத்துக்கொண்டு, அசல்களை வெளியேற்றும்போது நாம் கேட்டால் மட்டும் தலைப்பையும் குறிச்சொற்களையும் எக்ஸ்.எம்.பி. துணைக் கோப்பாகத் தருகிறது. கூகுள் ஃபோட்டோஸிலிருந்து டேக்அவுட் என்ற ஏற்றுமதி வசதி வழியாகப் படங்களை இறக்கினால், அங்கே எழுதிய விளக்கங்களும் திருத்திய தேதிகளும் தனித்தனி ஜேசன் (JSON) என்ற உரைக் கோப்புகளில் வருகின்றன. அவற்றை மீண்டும் படங்களோடு சேர்ப்பது தனி வேலை.

ஒரு பழைய குழுப்படத்தில் இருக்கும் பன்னிரண்டு பேரின் பெயரையும் சொல்லக்கூடியவர் வீட்டில் ஒருவராகத்தான் இருப்பார். அவரை அருகில் உட்கார வைத்துக் கேட்டு எழுதிய பெயர்கள், ஒரு மென்பொருள் நிறுத்தப்பட்டதும் போய்விடக் கூடாது. மென்பொருள்கள் நிறுத்தப்படவே செய்கின்றன: ஐஃபோட்டோவும் அபெர்ச்சரும் 2015இல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டன, பிகாசாவை 2016இல் கூகுள் கைவிட்டது. ஆகவே நீங்கள் எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும், பெயரிடத் தொடங்குவதற்கு முன்பே, பெயர்களைக் கோப்பிலும் எழுதும் அமைப்பு அதில் இருக்கிறதா என்று தேடி இயக்கிவிடுங்கள். பத்துப் படங்களுக்குப் பெயரிட்டு, அவற்றை வேறொரு மென்பொருளில் திறந்து, பெயர்கள் தெரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

கோப்புறைகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொண்டு வைப்பது நல்லது.

ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களை, கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். "கோடை" என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம்; இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய மேக் டிஸ்க் வடிவம் பெயர்களைப் பிரித்த நிலையிலேயே சேமித்தது. லினக்ஸ் சர்வரோ கொடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டையும் இரு வேறு பெயர்களாகக் கருதுகிறது. ஆகவே பழைய மேக் டிஸ்கிலிருந்து ஒரு முறையும் விண்டோஸிலிருந்து ஒரு முறையும் நகலெடுத்தால், "கோடை விடுமுறை" என்ற ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் காண்பீர்கள். ஒன்றை அழிப்பதற்கு முன் இரண்டையும் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பவை ஒன்றாகத்தான் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இரண்டாவது, நீளம். லினக்ஸில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போக முடியாது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுத்துக்கொள்வதால் 85 குறிகள்தான் அதில் அடங்கும். மெய்களும் பெரும்பாலான உயிர்மெய்களும் ஒன்றுக்கு மேற்பட்ட குறிகளால் ஆனவை என்பதால், எழுத்துக் கணக்கில் அது இன்னும் குறையும். நான் கடைப்பிடிக்கும் முறை, கோப்புறையின் பெயரை 2019-05-12 என்பதுபோல் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணாகத் தொடங்கி, ஓரிரு தமிழ்ச் சொற்களோடு நிறுத்திக்கொள்வது. விரிவான செய்தியைப் படத்தின் தலைப்பில் எழுதுகிறேன். அங்கே நீளத்துக்குப் பஞ்சமில்லை. எந்தக் கணினியிலும் கோப்புறைகள் தேதி வரிசையில் தாமே அமைந்துவிடுகின்றன. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக் குறி ஆகியவற்றைப் பெயர்களில் தவிர்த்துவிடுங்கள். விண்டோஸ் அவற்றை ஏற்பதில்லை.

ஏற்கெனவே நான்கு கணினிகளில் நான்கு தொகுப்புகள் உள்ளன. எப்படி ஒன்றாக்குவது?

அவசரப்படாமல். முதலில் நான்கையும் அப்படியே, எதையும் திருத்தாமல், ஒரு பெரிய டிஸ்கில் நகலெடுத்து எடுத்து வைத்துவிடுங்கள். வேலை முடிந்து ஓராண்டு ஆகும்வரை அந்த டிஸ்கைத் தொட வேண்டாம். அதன் பிறகு ஒவ்வொரு மென்பொருளிலிருந்தும் அசல்களை, எக்ஸ்.எம்.பி. குறிப்புகளோடு வெளியேற்றிப் பொது இடத்தில் சேருங்கள். ஐபோனின் அசையும் படங்கள் ஒரு படமும் ஒரு சிறு காணொளியுமாக இரு கோப்புகளாக வருகின்றன. ரா கோப்போடு ஜெபெக்கும் எக்ஸ்.எம்.பி.யும் சேர்ந்து வருகின்றன. இந்தக் கூட்டுகளைப் பிரித்துவிட வேண்டாம்.

இரட்டைப் படங்களை நீக்குவதில்தான் அதிகம் இழக்கிறோம். கோப்பின் பெயரை மட்டும் ஒப்பிட்டு நீக்கக் கூடாது. கேமராக்கள் நான்கு இலக்க எண்ணால் பெயரிடுவதால், 9999க்குப் பிறகு மீண்டும் 0001 வருகிறது. இரண்டு கேமராக்கள் உள்ள வீட்டில் ஒரே பெயரில் இரு வேறு படங்கள் இருப்பது சாதாரணம். இதை எண்ணிப் பாராமல் ஒரு முறை பெயரையே நம்பி நீக்கியதில், ஒரு பயணத்தின் படங்கள் முழுவதையும் நான் இழந்தேன்; எடுத்து வைத்திருந்த முதல் நகலிலிருந்துதான் அவை திரும்பக் கிடைத்தன. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஹேஷ் எண் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அவை இரட்டைகள். டிஜிகேமும் இம்மிச்சும், தோற்றத்தில் ஒத்த படங்களையும் தேடிக் காட்டும். அந்தப் பட்டியலைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்யுங்கள். வாட்ஸ்அப் வழியாக வழக்கமான முறையில் படமாக அனுப்பியது சுருங்கியும், எக்சிஃப் விவரங்களை இழந்தும் வருகிறது. ஆகவே ஒத்த இரண்டில் எதை வைப்பது என்ற கேள்வி வந்தால், பெரியதையும் எடுத்த தேதி உள்ளதையும் வையுங்கள்.

தேதிகளிலும் ஒரு சிக்கல் வரும். எக்சிஃபில் நேர வலயத்தைக் குறிக்கும் இடம் 2016இல்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய படங்களில், கேமராவின் கடிகாரம் அன்று காட்டிய நேரம் மட்டுமே உண்டு. வெளிநாட்டுப் பயணத்தில் ஒருவர் கைபேசியிலும் மற்றவர் கேமராவிலும் எடுத்தவை சில மணி நேரம் முன்பின்னாக வரிசைப்படுவதற்குக் காரணம் இதுவே. ஒரே நிகழ்வை இரண்டிலும் எடுத்த படம் ஒன்றைக் கண்டுபிடித்து, வேறுபாட்டைக் கணக்கிட்டு, கேமராவின் படங்கள் எல்லாவற்றையும் மொத்தமாக அந்த அளவு நகர்த்திவிடலாம்.

என்.ஏ.எஸ். பெட்டியில் இரண்டு டிஸ்குகள் ஒன்றையொன்று பிரதி செய்கின்றன. அது காப்பு நகல் ஆகாதா?

ஆகாது. ஒரு டிஸ்க் கெட்டுப்போனாலும் வேலை நிற்காமல் இருக்க அது உதவுகிறது. நீங்கள் ஒரு கோப்புறையை அழித்தால், அதே நொடியில் இரண்டு டிஸ்குகளிலிருந்தும் அது அழிகிறது. ஒத்திசைவுக்கும் இதுவே பொருந்தும்: அழிப்பும் ஒத்திசைகிறது. தொகுப்பை ஓரிடத்தில் சேர்க்கும்போது வசதி கூடுவதைப் போலவே இழப்பின் அளவும் கூடுகிறது. முன்பு ஒரு டிஸ்க் போனால் கால்பங்கு போயிருக்கும், இப்போது முழுவதும் போகும். ஆகவே மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பு, அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற பழைய விதியை இங்கே தளர்த்த வேண்டாம். உறவினர் வீட்டில் ஒரு டிஸ்கை வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வதும் வெளி நகல்தான்.

சர்வர் மென்பொருளைப் பயன்படுத்துவோர் அசல்களோடு தரவுத்தளத்தையும் காப்பு எடுக்க வேண்டும். அது ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் பயன்படாமல் போகலாம். மென்பொருள் தரும் ஏற்றுமதி வழியையே பயன்படுத்துங்கள். அந்த நகலிலிருந்து ஒரு படத்தையேனும் மீட்டெடுத்துப் பார்க்காதவரை, காப்பு இருக்கிறது என்று நம்ப வேண்டாம்.

வெளியூரில் இருக்கும்போதும் தொகுப்பைப் பார்க்க முடியுமா?

முடியும். ரவுட்டரில் ஒரு கதவைத் திறந்து சர்வரை நேரடியாக இணையத்துக்குக் காட்டுவது எளிதாகத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். வயர்கார்டு போன்ற வி.பி.என். (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்கு மறையாக்கிய தனி வழி) அமைத்து, உங்கள் கருவிகள் மட்டும் வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும்படி செய்யுங்கள்.

எல்லாப் படங்களையும் எல்லாரும் பார்க்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும், அவர் விரும்பிச் சேர்த்தால் மட்டும் பொதுவுக்கு வரும் தனிப் பகுதியும் இருக்கட்டும். வளர்ந்த பிள்ளைகளின் கைபேசியிலிருந்து அவர்களைக் கேட்காமல் தானாகப் படங்களை இழுக்கும் அமைப்பை இயக்குவது சரியல்ல.

பொறுப்பாளருக்கு உடல்நலம் இல்லாமல் போனால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

எழுதும் கை ஒன்றாக இருப்பதன் விலை இது. ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதி, வீட்டின் முக்கிய ஆவணங்களோடு வையுங்கள்: அசல்கள் எந்தக் கருவியில், எந்தக் கோப்புறையில் உள்ளன, அதற்கான கடவுச்சொல் என்ன, வெளி நகல் யாரிடம் இருக்கிறது, டிஸ்க் மறையாக்கப்பட்டிருந்தால் அதைத் திறக்கும் சாவி எது. பிறகு, கணினியில் ஆர்வமில்லாத ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் அருகில் இருக்க, பத்து ஆண்டுகளுக்கு முந்தைய படம் ஒன்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் நின்றுவிடுகிறாரோ, அந்த இடத்தில் தாளில் இன்னும் ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது.